மனோதத்துவ மாப்பிள்ளையும் ஒரு சட்டி சொதியும்

திருவல்லிக்கேணி, மதராஸ்
10-6-1961

அன்புள்ள சொக்கு,

நலம். நீ பத்திரமாகத் தென்காசி போய்ச் சேர்ந்த செய்தியை உன் தம்பி முத்துக்குமாரசாமி கார்டு போட்டுத் தெரிவித்தான். நீயே ஒரு வரி எழுதியிருக்கலாம். போகட்டும்.

சொல்லாமல் கொள்ளாமல் நீ கொல்லம் மெயில் ஏறிப் போன காரணத்தை ஆற அமர யோசித்துப் பார்த்தேன். என் பேரில் குற்றம் இருப்பதாகத் தெரியவில்லை. மாதர் சங்கத்தில் 'அன்றாட வாழ்வில் மனோதத்துவம்' என்று பேசக் கூப்பிட்டார்கள். உன்னைப் பட்டுப்புடவை கட்டச் சொல்லி முன்வரிசையில் உட்கார வைத்தேன். எத்தனை கணவன்மார் இதைச் செய்வார்கள்?

என் சோதனை என்ன? பாராட்டு தினமும் கிடைத்தால் மனம் சோம்பிவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் கிடைத்தால்தான் உழைப்பு கூடும். அமெரிக்காவில் புறாக்களை வைத்துக் காட்டிவிட்டார்கள். நான் அதை வீட்டிலேயே செய்து பார்க்கலாமே என்று, ஞாயிறுதோறும் நீ வைக்கும் தேங்காய்ப்பால் சொதியை எடுத்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும் பொடி டப்பாவிலிருந்து ஒரு சீட்டு எடுப்பேன். 'புகழ்' என்று வந்தால் மத்தியானம் 'பிரமாதம்' என்பேன். 'மௌனம்' என்று வந்தால் பேசாமல் சாப்பிட்டுக் கை கழுவுவேன். ஒரு வருஷத்தில் சொதிக்காக நீ எடுத்துக்கொள்ளும் பாடு இரண்டு மடங்காகிவிட்டது. இதைச் சொன்னதும் சபையே கை தட்டியது. உன் பெயரைச் சொன்னேனா? 'ஒரு குடும்பப் பெண்' என்றுதானே சொன்னேன்? நீ விருட்டென்று எழுந்து போனதால்தான் அது யாரென்று எல்லாருக்கும் தெரிந்தது.

கோபம் ஆறியதும் புறப்பட்டு வா.

அன்புடன்,
பால்வண்ணநாதன்

பி.கு. அடுக்களையில் இரண்டு ஜாடி இருக்கிறதே, அதில் உப்பு எது? நேற்று ரசம் நுரைத்துப் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.


சிவமயம்
தென்காசி
15-6-1961

அன்புள்ள அத்தானுக்குச் சொக்கம்மாள் வணக்கம். இங்கே அப்பா, அம்மா, தம்பி எல்லாரும் சுகம். சாரல் கட்டிவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம்.

மூடி உடைந்த ஜாடியில் உப்பு. மற்றது சமையல் சோடா.

சபையே கை தட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "பாவம், எந்த வீட்டுப் பொண்ணோ" என்று என் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். அதற்குப் பிறகும் அங்கே உட்கார்ந்திருக்க நான் என்ன மரப்பாச்சியா?

நீங்கள் பேசாமல் கை கழுவின ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பட்ட பாடு உங்கள் பேச்சில் வரவே இல்லை. பருப்பு குழைந்துவிட்டதோ, பால் நீர்த்துப்போச்சோ என்று மிச்சச் சொதியை மாடிவீட்டு அம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்து ருசி பார்க்கச் சொல்லுவேன். மதராஸ் தேங்காயில் பால் சரியில்லை என்று அம்மாவுக்கு எழுதி, இங்கிருந்து மூட்டை கட்டி வரவழைத்தேன். பார்சல் ஆபீஸில் நின்று அதை வாங்கிவந்ததே நீங்கள்தான். அத்தனை தேங்காயும் ஒரு பொடி டப்பாவுக்குப் போட்ட படையல் என்று அப்போது தெரியாமல் போயிற்று.

இங்கே யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. என்னவென்று சொல்ல? புருஷன் அடித்தான், குடித்தான் என்றால் நாலு பேர் உச்சுக் கொட்டுவார்கள். சொதியைப் பாராட்டச் சீட்டுப் போட்டான் என்றால் ஊரே சிரிக்கும். ஏன் வந்தாய் என்றால் சீசனுக்கு வந்தேன் என்கிறேன்.

உங்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். 'பிரமாதம்' என்று சொன்னீர்களே, அதில் ஒரு நாளாவது சொதி நிஜமாகவே நன்றாக இருந்ததா? அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நான் மதராஸ் வருவதைப் பற்றி யோசிக்க முடியும்.

இப்படிக்கு,
சொக்கம்மாள்


மதராஸ்
21-6-1961

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உப்புக்கு நன்றி.

நீ கேட்ட கேள்வி பார்வைக்குச் சின்னதாக இருந்தாலும் மிகவும் சிக்கலானது. 'நன்றாக இருப்பது' என்றால் என்ன? ருசி நாக்கில் இருக்கிறதா, மனத்தில் இருக்கிறதா? இதைப் பற்றி நேரில் பேசுவோம்.

அதைவிட முக்கியமான ஒன்று. உன் கோபம் உன்னுடையதே அல்ல. சமீபத்தில் ஒரு சோதனையைப் பற்றிப் படித்தேன். நாலைந்து பேர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு குட்டைக் கோட்டை நெட்டைக் கோடு என்று சாதிக்கிறார்கள். விஷயம் தெரியாமல் கடைசியில் உட்கார்ந்திருப்பவன், தன் கண்ணை நம்பாமல் அவனும் நெட்டைதான் என்கிறான். எங்கள் காலேஜ் ஹாஸ்டல் பையன்களை வைத்து நானும் செய்து பார்த்தேன். ஒருவன் மட்டும், "சார், உங்க கண்ணாடிய மாத்துங்க" என்று சொல்லிவிட்டான். மற்றபடி சரியாக வந்தது. உன் விஷயமும் அதுதான். சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள், அதனால் நீ அவமானம் என்று எடுத்துக்கொண்டாய். அவர்கள் அழுதிருந்தால் நீ பெருமைப்பட்டிருப்பாய்.

உன் அடிமனத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு தாள் இதோடு வைத்திருக்கிறேன். மையைக் கொட்டி நடுவில் மடித்தது. இதில் உனக்கு என்ன தெரிகிறது என்று எழுது. வீட்டில் எல்லாரிடமும் காட்டிக் கேட்கலாம். ஆராய்ச்சிக்கு ஆள் கூடக் கூட நல்லது.

அன்புடன்,
பால்வண்ணநாதன்


மதராஸ்
2-7-1961

அன்புள்ள சொக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரன் வரும் நேரத்துக்கு நான் வாசலில் போய் நிற்கிறேன். அவன் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போனால் மறுநாள் இன்னும் முன்னதாகப் போய் நிற்கிறேன். இதை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று நேற்று யோசித்தேன். புறாதான். நீ என்மேல் சோதனை எதுவும் நடத்தவில்லையே?

நிற்க. ஒரு புதிய ஆராய்ச்சி வந்திருக்கிறது. தாயைப் பிரிந்த குரங்குக் குட்டிக்கு இரண்டு பொம்மைத் தாய் செய்து வைக்கிறார்கள். கம்பியால் செய்த தாய் பால் கொடுக்கும். துணி சுற்றிய தாய் ஒன்றும் கொடுக்காது. குட்டி பாலைக் குடித்துவிட்டு ஓடிப்போய்த் துணித்தாயைத்தான் கட்டிக்கொள்கிறதாம். நீ தென்காசிக்குப் போனதும் இதே தத்துவம்தான். வருத்தப்பட ஒன்றுமில்லை, குரங்குக்கும் நமக்கும் பொதுவான குணம்.

குற்றாலத்தில் குரங்குக்குப் பஞ்சமா? மாமாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அவருடைய பழைய வேட்டி ஒன்றைச் சுற்றி ஒரு தாயும், கோழிக்கூண்டுக் கம்பியில் ஒரு தாயும் செய்து, கம்பித்தாய் கழுத்தில் வேர்க்கடலை கட்டி, நம் குற்றாலத்து வீட்டு மாடியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். குரங்குகள் எதைக் கட்டிக்கொள்கின்றன என்று அவர் தினமும் உட்கார்ந்து பார்த்து எழுதினால் பெரிய உபகாரம். ரிட்டயர் ஆனவருக்குப் பொழுதும் போகும்.

மைத்தாளில் என்ன தெரிந்தது?

அன்புடன்,
பால்வண்ணநாதன்


சிவமயம்
தென்காசி
7-7-1961

அன்புள்ள அத்தானுக்குச் சொக்கம்மாள் வணக்கம்.

மைத்தாளில் தெரிந்தவை: அப்பாவுக்கு நம் வயலுடைய சர்வே பிளான் தெரிந்தது. எவனோ வரப்பை வெட்டிவிட்டான் என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவுக்குக் கருகின தோசை. தம்பி, வௌவால் என்றான். சமையல்காரர் பிச்சுமணி வெகுநேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்குக் கை நடுக்கம் உண்டோ?" என்று கேட்டார். எனக்கு மைதான் தெரிந்தது.

இதுவரை விளையாட்டு. அதன்பிறகு அப்பாவுக்கு நீங்கள் எழுதிய குரங்குக் கடிதம் வந்தது. அவர் அதை ஒருமுறை மனதுக்குள் படித்தார். பிறகு அம்மாவுக்குக் கேட்கும்படி படித்தார். தன் வேட்டி வருகிற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, மறைக்காமச் சொல்லு. மாப்பிள்ளைக்கு எம்புட்டு நாளா இப்படி இருக்கு?"

அவருக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறார் என்றேன். உடனே அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "புருசன விட்டுக் குடுக்காளா பாருங்க" என்று அழுகை. எல்லாம் அவர்களுக்கு விளங்கிவிட்டது. மகள் திடீரென்று வந்து இறங்குகிறாள். கேட்டால் வாய் திறக்கமாட்டேன் என்கிறாள். மாப்பிள்ளை மையைக் கொட்டி அனுப்புகிறார். மாமனார் வேட்டியைக் குரங்குக்குக் கட்டச் சொல்லுகிறார். போதாக்குறைக்கு உங்கள் கடிதம் எதிலும் தலைப்பில் சிவமயம் இல்லை.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? புத்தி தடுமாறினவர்களைக் குற்றாலத்தில் வைத்து, தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்து, ஒரு மண்டலம் அருவியில் நிறுத்துவார்கள். பண்பொழியில் உங்கள் அம்மாவைப் போய்ப் பார்த்து அப்பா சம்மதமும் வாங்கிவிட்டார். அத்தை, "சின்னதுலயே தனியா பேசிக்கிட்டுத் திரிவான்" என்றார்களாம்.

உங்களை அழைத்துவரத் தம்பி நேற்றே வண்டி ஏறிவிட்டான். நான் சொதிக் கதையைச் சொல்லியிருந்தால் அப்பா அவனை அனுப்பியிருக்க மாட்டார். சொல்லவில்லை. ஒரு வருஷம் நான் உங்களுக்குப் புறாவாக இருந்தேன். நீங்கள் ஒரு மண்டலம் அருவியில் நின்றால் தேய்ந்துவிட மாட்டீர்கள்.

இந்தக் கடிதம் மதராஸ் வரும்போது நீங்கள் தென்காசி வண்டியில் இருப்பீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சொக்கம்மாள்


குற்றாலம்
16-7-1961

சொக்கு,

மதராஸ் வீட்டுக்காரர் மேல்விலாசம் மாற்றி அனுப்பிய உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. தலை இன்னும் ஈரமாக இருக்கிறது. இந்தத் தாளில் எலுமிச்சை வாசனை அடித்தால் அது என்னிடமிருந்துதான்.

உன் தம்பி வந்து, "அத்தான், அப்பா உங்களப் பாக்கணும்ங்காவ" என்றதும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் தத்துவம் வென்றுவிட்டது, சமாதானத்துக்கு ஆள் அனுப்புகிறார்கள் என்று நினைத்தேன். லீவு கேட்கக் காலேஜ் முதல்வரிடம் போனோம். உன் தம்பி அவர் காதில் என்னமோ சொன்னான். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "எனக்கும் கொஞ்ச நாளாகவே தோன்றியது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

குற்றாலத்து வீட்டில் இறங்கியதும் சுடலைக்கண்ணு என்று எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர் காத்திருந்தார். நல்ல உபசாரம் என்று தலையைக் கொடுத்தேன். எலுமிச்சம்பழத்தை அறுத்துச் சூடு பறக்கத் தேய்த்தார். பொடுகுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பேரருவியில் கூட்டத்தை விலக்கி, தண்ணீர் மொத்தமாக விழுகிற இடத்தில் என்னை நிறுத்தி, முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "பயப்படக் கூடாது, ஐயா நல்ல பிள்ளல்லா" என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மனோதத்துவத்தில் எம்.ஏ. படித்தவன் நான்.

உன் கடிதத்தைப் படித்ததும், என்னைப் பார்க்க வந்திருந்த மாமாவிடம் நேரே போய், நான் பைத்தியமில்லை மாமா, எல்லாம் ஆராய்ச்சி என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. என் முதுகைத் தடவிக் கொடுத்து, சுடலைக்கண்ணு பக்கம் திரும்பி, "நாளையில இருந்து இன்னொரு பழம் சேத்துத் தேயும்" என்றார்.

மண்டலம் முடியும்வரை நீ இங்கே வரக்கூடாது, நானும் தென்காசிக்கு வரக்கூடாது என்று உன் அம்மா உத்தரவாம். கூப்பிடுகிற தூரத்தில் இருந்துகொண்டு தபாலில் எழுதுகிறேன். நீ உன் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடு. சொதி, சீட்டு, பொடி டப்பா எல்லாவற்றையும் சொல். யார் சிரித்தாலும் பரவாயில்லை.

பால்வண்ணநாதன்


சிவமயம்
தென்காசி
18-7-1961

அன்புள்ள அத்தானுக்குச் சொக்கம்மாள் வணக்கம்.

சொல்லுகிறேன். ஆனால் நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கோடு வந்தது, மை வந்தது, குரங்கு வந்தது, பதில் மட்டும் வரவில்லை. அது எப்போது வருகிறதோ அன்றைக்கு அப்பாவிடம் பேசுகிறேன்.

சாப்பாட்டைப் பிச்சுமணி செய்து தூக்குச்சட்டியில் வைக்கிறார். தம்பி பஸ்ஸில் கொண்டுவருகிறான். ஈரத் தலையோடு படுக்காதீர்கள். வீட்டில் எலுமிச்சம்பழமெல்லாம் உங்கள் தலைக்குப் போகிறது, ரசத்தில் பிழிய ஒன்று மிஞ்சவில்லை.

இப்படிக்கு,
சொக்கம்மாள்


குற்றாலம்
29-7-1961

அன்புள்ள சொக்கு,

இவ்வளவு நாள் எழுதவில்லை. எழுதப் பயமாக இருந்தது. என்ன நடந்தது என்று சொல்லுகிறேன்.

இந்த வீட்டில் சீசனுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் பக்கத்து அறையில், திருவேங்கடம் என்கிற ஊரிலிருந்து வந்த தம்பதி தங்கியிருக்கிறார்கள். புருஷன் பெயர் சுந்தரபாண்டி. பருத்தி வெள்ளாமை. போன வருஷம் மகன் கிணற்றில் விழுந்து இறந்துபோனதிலிருந்து பேச்சு நின்றுவிட்டதாம். நிஜமாகவே துன்பப்படுகிற மனுஷர். அவரைப் பார்த்த பிறகு என்னைப் பைத்தியம் என்று சொன்னதற்காக நான் கோபப்பட்டது அற்பமாகத் தெரிகிறது. அருவியில் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கிறோம்.

அவர் சம்சாரம் குருவம்மாள் தினமும் சோறு பிசைந்து கொடுத்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்கிறாள். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு மெல்லுவார். அவள் அடுத்த வேளையும் கேட்பாள். நான் என் புத்தியைக் காட்டினேன். பதில் கிடைக்காத கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதில் பலன் இல்லை தாயி என்று அவளுக்கு உபதேசம் செய்தேன். எங்கள் சாஸ்திரப்படி அவள் எப்போதோ நிறுத்தியிருக்க வேண்டும்.

நேற்று மத்தியானம் அவர் ஒரு வாய் வாங்கினார். முகத்தைச் சுளித்தார். "உப்புக் கூடிப்போச்சு" என்றார்.

அவ்வளவுதான். அந்த அம்மாள் சட்டியைக் கீழே போட்டுவிட்டாள். அழுகிறாள், சிரிக்கிறாள், அறை அறையாக ஓடி, "உப்புக் கூடிப்போச்சுன்னு சொல்லிட்டாக" என்று எல்லாரிடமும் சொல்லுகிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டும் சொன்னாள். குறை சொன்னதற்கு ஒரு பெண் இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அவர் அவள் சமைத்ததை ருசி பார்த்துவிட்டார். அவளுக்கு அது போதும்.

நான் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன் சொக்கு. எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் நீ வைத்த சொதியில் ஒன்றையும் நான் ருசிக்கவில்லை. சீட்டில் என்ன வந்தது என்பதே நினைவாக இருக்கும், நீ முகத்தை எப்படி வைத்துக்கொள்ளுகிறாய் என்றே பார்த்துக்கொண்டிருப்பேன். வாய்க்குள் போனது என்னவென்று எனக்குத் தெரியவே தெரியாது. நன்றாக இருந்தது என்று இப்போது எழுதினால் அதுவும் ஒரு சீட்டுத்தான். நீ அவ்வளவு பாடுபட்டுச் செய்ததை நான் பாழாக்கிவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மாமாவிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் மண்டலம் முழுக்க நின்றுவிட்டே வருகிறேன்.

உன்,
பால்வண்ணநாதன்


சிவமயம்
குற்றாலம்
1-8-1961

அன்புள்ள சொக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரும்முன் இன்னொன்று எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வேறு யாரிடம் சொல்லுவது என்று தெரியவில்லை.

இன்று தூக்குச்சட்டியில் சொதி வந்தது. உங்கள் பிச்சுமணிக்கு என்ன கேடு வந்தது? வாயில் வைக்க முடியவில்லை. முதல் பாலை ஊற்றியபின் கொதிக்க விட்டிருக்கிறார். திரிந்து திப்பி திப்பியாக நிற்கிறது. உருளைக்கிழங்கு கரைந்து மாவாகிவிட்டது. உப்பு இல்லவே இல்லை. குருவம்மாளுக்கு ஒரு கரண்டி கொடுத்தேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்துச் சுந்தரபாண்டி சிரித்தார். சொதியினால் வந்த நன்மை அது ஒன்றுதான்.

உன் சொதி இப்படியா இருக்கும் என்று எழுத வந்தேன். ஆனால் உன்னுடையதை ருசி பார்த்தவனுக்கல்லவா அப்படிச் சொல்ல உரிமை? பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆனால் அதோடு வந்த இஞ்சிப் பச்சடி இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலில் புளிப்பு, பிறகு வெல்லம், தொண்டையில் இறங்கும்போது இஞ்சி வந்து ஓர் இடி இடிக்கிறது. அதைத் தொட்டுக்கொண்டுதான் சோறு முழுவதையும் தின்றேன். கிண்ணத்தை விரலால் வழித்தேன். சுடலைக்கண்ணு பார்த்துவிட்டார், மாமாவிடம் என்ன சொல்லுவாரோ தெரியவில்லை. திரிந்த சொதி வைக்கிற ஆளுக்கு இந்தப் பச்சடி எப்படி வந்தது என்று பிச்சுமணியைக் கேட்டு எழுது.

உன்,
பால்வண்ணநாதன்


சிவமயம்
தென்காசி
3-8-1961

அன்புள்ள அத்தானுக்குச் சொக்கம்மாள் வணக்கம்.

பிச்சுமணி நாலு நாள் முன்பே அவர் மச்சினன் கல்யாணத்துக்குச் செங்கோட்டை போய்விட்டார்.

சொதி நான் வைத்தது. ஒன்றையும் ருசிக்கவில்லை என்று நீங்கள் எழுதின கடிதம், அடுப்பில் சட்டி ஏறியபின் வந்தது. கரண்டியும் கையுமாக நின்று படித்தேன். படித்து முடித்து நிமிர்ந்தால் பால் கொதித்துத் திரிந்து கிடக்கிறது. உப்புப் போட்டேனா என்று நினைவில்லை. கீழே கொட்டத்தான் போனேன். பிறகு, எப்படி இருந்தாலும் இவருக்கு ஒன்றுதானே என்று ஒரு ஆத்திரத்தில் அப்படியே ஊற்றி அனுப்பினேன்.

இன்று காலை உங்கள் கடிதம் வந்தது. திரிந்தது, உப்பு இல்லை, கிழங்கு கரைந்தது என்று வரி வரியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் கையிலிருந்த சட்டி விழுந்தது. அம்மா ஓடிவந்து, "என்னட்டி, மாப்பிள்ளைக்கு முத்திப்போச்சா?" என்று கேட்டாள். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை.

இஞ்சிப் பச்சடியும் நான் செய்ததுதான். ஞாயிறுதோறும் மதராஸில் சொதிக்குப் பக்கத்தில் அதே கிண்ணத்தில் அதுதான் இருக்கும். உங்கள் சோதனையில் அதற்கு இடம் இல்லாததால் அதை நீங்கள் கண்டுகொள்ளவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் கைச் சமையலைப் பற்றி நீங்கள் சொன்ன முதல் வார்த்தை இதுதான் என்று வைத்துக்கொள்ளுகிறேன். கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அதையும் கட்டம் போட்ட தாளில் கிராப் போடுவீர்கள்.

அப்பாவிடம் போய், அத்தானுக்குக் குணமாகிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிவரச் சொல்லுங்கள் என்றேன். அவர் நம்பவில்லை.

"மண்டலமே முடியலயே. அதுக்குள்ள குணமாயிட்டுன்னு உனக்கு எப்படிட்டி தெரியும்?"

"சொதி திரிஞ்சிருக்குன்னு வாயத் தொறந்து சொல்லிட்டாவ அப்பா" என்றேன்.

அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இப்போது அவருக்கு என்மேல் சந்தேகம் வந்திருக்கிறது. அதனால் தாமதிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வாருங்கள். சொதி வைக்கிறேன். சாப்பிட்டுவிட்டு மனதில் பட்டதைச் சொல்லுங்கள், எதுவானாலும் சரி. குருவம்மாளையும் அவர் வீட்டுக்காரரையும் நான் கூப்பிட்டதாகச் சொல்லி அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சொக்கு

பி.கு. தலைக்குத் தேய்த்தது போக மீந்த எலுமிச்சம்பழத்தை மறக்காமல் கொண்டுவாருங்கள். ஊறுகாய் போட்டு மதராஸுக்கு எடுத்துப்போவோம்.